டாக்ஸிக் குரல்

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் மூன்றாவது முறையாக நெஞ்சுவலி வந்து அடங்கிய நேரத்தில்தான் இன்ஸ்பெக்டருக்கு அந்தப் போன் வந்தது.

பயப்பட வேண்டாம், நெஞ்சுவலி பொய். இன்ஸ்பெக்டர் என்பதும் பொய்தான். சொந்த நாட்டில் நாலு வருஷம் ஒரு டிவி தொடரில் இன்ஸ்பெக்டராக வந்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் நம்மவர்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இங்கே வாரத்துக்கு இரண்டு நாள், மருத்துவ மாணவர்கள் கேள்வி கேட்டுப் பழகுவதற்காக நோயாளியாகப் படுப்பது அவர் பிழைப்பு. மீதி நாளில் சினிமா, டிவி என்று கிடைத்ததைச் செய்வார். இதுவரை ஆறு தடவை டாக்ஸி டிரைவர், நாலு தடவை கடைக்காரர், ஒரு தடவை பிணம். பிணத்துக்கு வசனம் கிடையாது என்பதால் அதில் மட்டும் அவரை யாரும் திருத்தவில்லை.

மற்ற எல்லாவற்றிலும் திருத்தினார்கள். இந்த நாட்டு மொழியை அவர் சுத்தமாகப் பேசுவார், அதுவே வினையாகப் போயிற்று. “சார், கொஞ்சம் உங்க ஊர்க்காரர் மாதிரி பேசுங்களேன்” என்பார்கள். அவரும் நாக்கைத் தடிக்க வைத்து, பாதி வார்த்தையை மென்று, மீதியை விழுங்கி ஒரு குரலைத் தயார் பண்ணி வைத்திருந்தார். வீட்டில் அதற்கு டாக்ஸிக் குரல் என்று பெயர். ஆஸ்பத்திரியிலும் அதையே கேட்டார்கள், பாஷை வராத நோயாளியிடம் பேச மாணவர்கள் பழக வேண்டுமாம். போகப் போக அது கேட்காமலே வர ஆரம்பித்தது. எதிரில் விளக்கும் மைக்கும் நாலு பேரும் இருந்து, பேச வேண்டியது இந்த நாட்டு மொழியாகவும் இருந்துவிட்டால், அது முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

போனில் சொந்த நாட்டிலிருந்து பழைய நண்பன். ஒரு காலத்தில் இருவரும் ஒரே நாடகக் குழு, இப்போது அவன் அங்கே பெயர் சொல்லும்படியான டைரக்டர்.

“டேய், உயிரோட இருக்கியா?”

“இப்பத்தான் மூணாவது தடவையா பொழச்சேன். சொல்லு.”

“படம் பண்றேன்டா. அப்பாதான் ஹீரோ. ரிட்டயர் ஆன லேத் தொழிலாளி. எழுதும்போதே உன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி. ஒரு சீன் அனுப்பறேன், நடிச்சு வீடியோ அனுப்பு. தயாரிப்பாளர் பார்க்கணும்ங்கறார். அப்புறம் ஒண்ணு. இது அரசாங்க மானியத்துல எடுக்கற படம். ஹீரோ நம்ம நாட்டுக் குடிமகனா இருக்கணும்னு சட்டம். நீ இன்னும் பாஸ்போர்ட் மாத்திக்கலையே?”

“மாத்தல” என்றார். ‘வெள்ளிக்கிழமை மாத்தறேன்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்குக் குடியுரிமை உறுதிமொழி. சொந்த நாட்டுச் சட்டப்படி இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள முடியாது. மேடையேறிச் சொன்ன நிமிஷமே பழையது போய்விடும். ஏற்கெனவே இரண்டு முறை டிமிக்கி கொடுத்திருந்தார். ஒரு முறை படப்பிடிப்பு என்று சாக்கு, இன்னொரு முறை காய்ச்சல். அந்தக் காய்ச்சலையும் நன்றாகவே நடித்தார். மூன்றாம் முறையும் வராவிட்டால் விண்ணப்பமே ரத்து என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மனைவியும் மகளும் ஆறு வருஷத்துக்கு முன்பே வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஏர்போர்ட்டில் குடும்பம் இரண்டு வரிசையாகப் பிரிந்தது. அவர்கள் பத்து நிமிஷத்தில் வெளியே போய்ப் பெட்டிகளோடு நிற்பார்கள். இவர் வெளிநாட்டார் வரிசையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வருவார். மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. ஊரையே காக்க வைப்பவள், காத்திருப்பது மட்டும் அவளுக்கு ஆகாது.

அன்று சாயந்திரம் அவர் போன் விஷயத்தைச் சொன்னதும், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“படத்துக்கு ஆசைப்பட்டு இந்தத் தடவையும் போகமாட்டீங்க, அப்படித்தானே?”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?”

“சொல்லவே வேணாம். வந்ததுலேர்ந்து சமையலறைக்கும் வாசலுக்கும் நாப்பது தடவை நடந்தாச்சு.”

“இருபத்திரண்டு வருஷத்துல இப்பத்தான் ஒருத்தன் என்னை அப்பாவா நடிக்கக் கூப்பிடறான். டிரைவரா இல்ல.”

“வீட்ல ஒருத்தி உங்களை அப்பான்னுதான் கூப்பிடறா. அவகூட ஒரே வரிசையில நிக்கறதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?”

அவருக்குச் சுருக்கென்றது. மறுபடி வாசலுக்கு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை மகள் கல்லூரி விட்டு வந்ததும் வீடியோ எடுத்தார்கள். சாப்பாட்டு மேஜையை ஓரமாகத் தள்ளி, சுவரில் நீலப் போர்வையைக் கிளிப் போட்டு மாட்டி, படிக்கிற விளக்கைத் துணி காயப்போடும் ஸ்டாண்டில் கட்டி, நாற்காலி மேல் நாலு புத்தகம் அடுக்கி அதில் போனை நிறுத்தினாள். எதிர் வசனம் படிப்பது எப்போதும் அவள்தான். காட்சியில் அப்பா தன் மகளிடம் வேலை போன கதையைச் சொல்கிறார். சொந்த மொழியில் எட்டே வரி.

முதல் டேக்கைப் போட்டுப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. வீடியோவில் கண், கை, மூச்சு எல்லாம் லேத் தொழிலாளிதான். வாய் மட்டும் வேறு யாருடையதோ. ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்துப் பேசுகிற வாய். வாக்கியத்தின் கடைசி எழுத்து, இந்த நாட்டார் பேசுவது போல, மேலே ஏறி நின்றது.

“ஒன் மோர்” என்றார்.

பதின்மூன்று டேக் போயிற்று. மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“நல்லாத்தான்பா இருக்கு. அனுப்பிடலாம்.”

“உனக்கு எதுவும் வித்தியாசமாத் தெரியலயா?”

“இல்லயே. நீ எப்பவும் பேசற மாதிரிதான் இருக்கு.”

அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஆனாலும் அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலைக்குள் பதில் சொல்வதாக நண்பன் சத்தியம் பண்ணினான். இடையில் இரண்டு நாளும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலிக்குப் பதிலாக வயிற்றுவலியை நடித்து, ஒரு மாணவியைத் தேர்வில் திணற வைத்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மூவரும் நகராட்சி மண்டபத்துக்குப் போனார்கள். சட்டைப் பையில் பழைய பாஸ்போர்ட், கையில் போன். வாசல் மேஜையில் கடிதத்தைச் சரிபார்த்து ஏழாம் எண் அட்டையைக் கொடுத்தார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவராக மேடையேறி, மைக்கில் உறுதிமொழியைப் படித்து, கையெழுத்துப் போட வேண்டும். நண்பன் ‘ஆமாம்’ என்று சொன்னால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் வைத்திருந்தார். மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

நாலாம் எண் மேடையில் இருந்தபோது போன் அதிர்ந்தது. தாழ்வாரத்துக்கு ஓடினார்.

“மச்சான், எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றான் நண்பன். “நடிப்புல ஒரு குறையும் இல்ல. ஆனா தயாரிப்பாளர் கேட்டுட்டு, ‘இவர் வெளிநாட்டுக்காரர் மாதிரி பேசறாரே’ங்கறார். நானும் திரும்பக் கேட்டேன். நிஜம்தான்டா.”

“பயிற்சி பண்ணிக்கறேன். ஒரு மாசம் முன்னாடியே வந்துடறேன்.”

“வேற ஆள் போட்டாச்சு. கோவிச்சுக்காதே. வெளிநாட்டுலேர்ந்து வர்ற மாமா வேஷம் ஒண்ணு இருக்கு. ரெண்டு சீன். அதுக்கு நீ எந்த பாஸ்போர்ட் வச்சிருந்தாலும் பரவாயில்ல. நீ நடிக்கக்கூட வேணாம், சும்மா வந்து நின்னா போதும்.”

உள்ளே ஏழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அவர் நடந்தார். மேடை, மேலே இரண்டு விளக்கு, மார்பளவு உயரத்தில் மைக். கீழே ஐம்பது முகம். அதிகாரி தாளை நீட்டினார். அது அவருக்குத் தேவைப்படவில்லை. இரண்டு முறை தள்ளிப் போட்டதில் உறுதிமொழி முழுவதும் மனப்பாடம். வாயைத் திறந்தார்.

டாக்ஸிக் குரல் வந்தது.

நாக்கு தடித்து, சொற்கள் மெல்லப்பட்டு, பாதி விழுங்கப்பட்டு வந்தன. முதல் வரியிலேயே அவருக்கே கேட்டுவிட்டது. வேறு யாராவது என்றால் இருமிவிட்டுத் திருத்திக்கொண்டிருப்பார்கள். இவர் முப்பது வருஷத்து நடிகர். காட்சி நடுவில் குரலை மாற்றக்கூடாது என்று அடிவாங்கிப் படித்த பாடம் எலும்பில் ஊறியிருந்தது. இந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று ஆறு படத்து டாக்ஸி டிரைவர் கடைசிச் சொல்வரை பிசகில்லாமல் சொல்லி முடித்தான். முன்வரிசையில் ஒரு அம்மாள், பாவம் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்திருக்கிறார் என்பது போல எல்லோருக்கும் முன்னால் கை தட்டினாள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை நீட்டினார். இவர் வாங்கவில்லை.

“சார், ஒன் மோர்” என்றார்.

“என்ன?”

“இன்னொரு தடவை சொல்லிக்கறேன். அது என் குரல் இல்ல.”

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் நல்ல மனுஷர், சிரித்தார்.

“வேணாம் சார். ஒரு தடவை சொன்னாப் போதும். செல்லும்.”

கையெழுத்துப் போட்டார். அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையைத் தள்ளினாள். போர்வையை மாட்டினாள். விளக்கைக் கட்டினாள். நாற்காலியில் புத்தகங்களை அடுக்கினாள். அதன் மேல் போனை மட்டும் வைக்கவில்லை.

“நில்லுப்பா. உறுதிமொழியைச் சொல்லு. உன் குரல்ல.”

நின்றார். முதல் வரியைச் சொன்னார். டாக்ஸி. நிறுத்தி மறுபடி சொன்னார். பழைய டிவி தொடர் இன்ஸ்பெக்டர். அடுத்து வந்தது துடைத்து வைத்த அந்த வாய். எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. அறையைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, “ஒன் மோர்” என்றார்.

மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள். நாற்காலி மேலிருந்த புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுங்க” என்றாள். “நான் இங்கயேதான் இருக்கேன்.”