ஒன்றாம் திட்டில் பச்சைக் கொடி

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று பேர் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கையை வீசிக்கொண்டு போனவர் கணவர். பின்னால் ஏழு மாத வயிற்றோடு மெல்ல வந்தவள் அவருடைய தங்கை. அவள் மேல் வெயில் படாமல் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி கூடவே வந்தவள் அண்ணி. இந்த அண்ணிக்கு வீட்டில் மீட்டரம்மா என்று பெயர். பட்டம் கொடுத்தவர் கணவர்தான். பாலை மோந்து பார்த்த உடனே "இது நேத்துப் பால்" என்று சொல்லிவிடுகிற பெண்டாட்டியை வேறு என்னவென்று கூப்பிடுவது?

பிழைப்பும் அதுதான். நகராட்சிப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. அந்தக் கடற்கரையை ஒட்டிக் கடலுக்குள் ஆறு பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றில் விளைகிற சிப்பியைப் பறித்து, ஒவ்வொரு திட்டுக்கும் எதிரே கரையில் இருக்கும் கடைகளில் சுடச்சுட வேகவைத்து விற்பார்கள். வாரக் கடைசியில் ஊரே அங்கேதான் கிடக்கும். சில நாட்களில் கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி பெருகும். சிப்பி அதைத் தின்று விஷத்தைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். எத்தனை கொதி கொதித்தாலும் அது போகாது. தின்றவருக்கு முதலில் உதடு மரக்கும், பிறகு விரல் மரக்கும், அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். அதனால் வாராவாரம் ஆறு திட்டிலிருந்தும் ஆறு பைகள் மீட்டரம்மாவின் மேசைக்கு வரும். அவள் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கடையருகே பச்சைக் கொடி ஏறும். விஷம் இருந்தால் சிவப்பு.

இந்த வாரம் ஆறாம் பையில் விஷம் இருந்தது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. உடனே ஆறாம் திட்டை மூடச் சொல்லிவிட்டாள். துறைமுகத்துப் பக்கம், சாலையின் அந்தக் கோடியில், சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. அவர்கள் நடந்துகொண்டிருந்ததோ இந்தக் கோடியில், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, ஒன்றாம் திட்டுக்கு எதிரே. தன் வேலை கண்ணெதிரே கொடியாகப் பறப்பதைப் பார்த்ததில் மீட்டரம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைதான். பெருமைப்படட்டும், யார் வேண்டாம் என்றது? அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கடையின் அண்டாவிலிருந்து ஆவி பறந்தது. பூண்டும் மிளகும் வெண்ணெயும் சேர்ந்த வாசனை தெருவையே தூக்கியது. நாத்தனார் நின்றாள். பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். ஆனால் தலையை ஆட்டினாள்.

"வேணாம் அண்ணி. இந்த நேரத்துல சிப்பியெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு அவர் சொல்லி அனுப்பியிருக்காரு."

"உன் வீட்டுக்காரர் என்ன டாக்டரா? சோதிக்காத சிப்பியத்தான் சாப்பிடக் கூடாது. இது நானே சோதிச்சது. மேல பாரு, பச்சைக் கொடி. அது என் கையெழுத்துன்னு வச்சுக்கோ."

"இல்ல அண்ணி..."

"ஆசைய வயித்துக்குள்ள பூட்டி வைக்காதே. நான் சொல்றேன்ல, சாப்பிடு!"

கணவர் ஓட்டோடு வரும் எதையும் வாயில் வைக்காதவர். "மீட்டரே சொல்லியாச்சு, அப்புறம் என்ன?" என்று சிரித்துவிட்டு, தனக்கு மட்டும் ஒரு சோளக்கதிர் வாங்கிக்கொண்டார். நாத்தனார் முதல் சிப்பியைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்தாள். இரண்டாவதற்குத் தயக்கம் போய்விட்டது. தட்டு காலியானதும் ஓட்டில் நின்ற சாற்றையும் உறிஞ்சினாள். மீட்டரம்மா தான் இரண்டே இரண்டைத் தின்றுவிட்டு, தன் தட்டையும் அவள் பக்கம் தள்ளினாள். அவள் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் வந்தார். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த சாம்பிள்காரர். படகில் போய் ஆறு பைகளையும் நிரப்பிக்கொண்டு வருவது அவர் வேலை. வணக்கம் சொல்ல எடுத்த கை பாதியில் நின்றது. கண் தட்டின் மேல் இருந்தது.

"மேடம், என்ன இங்க போய் சாப்பிடுறீங்க? இதுலதானே விஷம்னு எழுதினீங்க?"

மீட்டரம்மா சிரித்தாள். "அது ஆறாம் திட்டு. அந்தக் கோடியில சிவப்புக் கொடி தெரியுது பாருங்க."

"இதுதான் மேடம் ஆறு."

"என்னது?"

"துறைமுகத்துலதானே படகு எடுக்கிறேன். அங்கேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டே வருவேன். கலங்கரை விளக்கத்துக்கிட்ட ஆறு முடியும். பையிலயும் அப்படித்தான் நம்பர் போடுறேன்."

மீட்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மேசைக்கு மேலே தொங்குகிற வரைபடத்தில் கலங்கரை விளக்கம்தான் ஒன்று. பழைய சாம்பிள்காரர் இருந்த காலம் முழுக்க அதுதான் ஒன்று. புதியவரிடம் அவள் சொன்னது ஒரே ஒரு வரி: "ஆறு திட்டு, ஆறு பை, வரிசையா நம்பர் போட்டுடுங்க." எந்தப் பக்கத்திலிருந்து என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. இதுவரை எல்லாப் பையும் சுத்தமாக இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் விஷம் ஏறிய திட்டுக்கு எதிரே பச்சைக் கொடி. நல்ல திட்டுக்குச் சிவப்பு. பதினெட்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை.

அவள் திரும்பினாள். நாத்தனார் இரண்டாவது தட்டின் கடைசிச் சிப்பியை வாயருகே கொண்டு போயிருந்தாள். மீட்டரம்மா அதைத் தட்டிவிட்டாள். ஓடு தரையில் விழுந்து உருண்டது.

"அண்ணி! என்னாச்சு?"

"துப்பு! வாயில இருக்கிறதத் துப்பு!"

"எல்லாம் முழுங்கியாச்சே..." நாத்தனார் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "மிளகு தூக்கலா இருக்கு அண்ணி. உதடெல்லாம் ஒரு மாதிரி குறுகுறுங்குது."

மிளகு அல்ல என்று மீட்டரம்மாவுக்குத் தெரியும். அவளைவிட அதை நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெஞ்சுகளில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். யாரோ ஒரு அப்பா தன் குழந்தைக்குச் சிப்பியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க! இவளுக்கு விஷம்!" என்று கத்தினாள். கணவர் கையில் சோளக்கதிரோடு பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகுதான் போனைத் தேடினார்.

மீட்டரம்மா பெஞ்சின் மேல் ஏறினாள். "யாரும் சாப்பிடாதீங்க! இந்தச் சிப்பியில விஷம் இருக்கு!"

கடைக்காரம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏம்மா, விடிஞ்சதுலேர்ந்து கொடி பச்சையா பறக்குது, உனக்குக் கண்ணு தெரியலையா? உங்க ஆபீஸு போட்ட கொடிதானே?"

"ஆபீஸு இல்லம்மா. நான் போட்டது. நான்தான் சோதிச்சேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன். திட்டு மாறிப்போச்சு. தப்பு என்னுது!"

கூட்டம் அவளை வெறித்துப் பார்த்தது. ஒருவர் தட்டைக் கீழே வைத்தார். இன்னொருவர், "பைத்தியமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பேசிக்கொண்டிருந்தால் ஆகாது என்று அவள் கம்பத்துக்கு ஓடி, கயிற்றை இழுத்து, பச்சைக் கொடியைத் தன் கையாலேயே இறக்கினாள். சாம்பிள்காரர் தூண்டிலைப் போட்டுவிட்டு அடுத்தடுத்த கடைகளுக்கு ஓடினார். அதன் பிறகுதான் ஜனங்கள் நம்பினார்கள். குழந்தைக்கு ஊட்டிய அப்பா அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே அழுதார். அவரைப் பார்க்க மீட்டரம்மாவுக்குத் தைரியம் இல்லை.

ஆம்புலன்ஸில் நாத்தனாரின் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. முகத்தில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அண்ணியின் சேலையைப் பிடித்திருந்தாள். முகமூடிக்குள்ளிருந்து குழறியபடி, "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணி?" என்று கேட்டாள். ஆகாது என்று சொல்ல மீட்டரம்மா வாயைத் திறந்தாள். எதை வைத்துச் சொல்வது? "தெரியலம்மா" என்றாள். நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு சேலையை விட்டுவிட்டு அந்தக் கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

நல்லவேளை, சாயங்காலத்துக்குள் ஆபத்து நீங்கிவிட்டது. மொத்தம் பதினாலு பேரைக் கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் குழந்தையும் அதில் இருந்தது. யாருக்கும் உயிருக்குக் கேடில்லை. நாத்தனாரின் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்ட டாக்டர், உள்ளே இருக்கும் குழந்தையின் இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது என்றார். மீட்டரம்மாவையும் சோதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அவள் வராந்தாவில் நின்றபடியே அலுவலகத்துக்குப் போன் செய்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. நாத்தனார் பிழைத்தாள், அது போதும்.

அறைக்குத் திரும்பியபோது நாத்தனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மனைவி உள்ளே வந்ததும் அவர் நாற்காலியைத் தங்கையின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

"தாகமா இருக்கு" என்றாள் நாத்தனார்.

மீட்டரம்மா விழுந்தடித்துக்கொண்டு போய், வராந்தாக் குழாயில் தம்ளரை இரண்டு முறை கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். நாத்தனார் வாங்கிக்கொண்டாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகத் தன் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இதைக் குடிக்கலாமா?"

கணவர் தம்ளரை வாங்கினார். மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, உதடு மரக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு, "குடிம்மா" என்று தங்கையிடம் கொடுத்தார்.

நாத்தனார் மடமடவென்று குடித்தாள். காலையிலிருந்து வராத அழுகை மீட்டரம்மாவுக்கு அப்போதுதான் வந்தது.