அபயாம்பாள் நினைவுத் தங்கப் பதக்கம்

பயோடேட்டாவில் முதலில் பேர், பிறகு முகவரி, பிறகு படிப்பு, வாங்கிய பரிசெல்லாம் கடைசியில். ஊர் உலக வழக்கம் அதுதான். மயிலாப்பூர் மாட வீதியில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் இனாயத்தும் அதையே சொன்னார். ஆட்டோக்கார நாகராஜ் கேட்கவில்லை.

"மெடல மேல போடு பாய். பேரு கீய இருந்தா இன்னா, ஓடியா பூடும்?"

மகள் அன்புச்செல்வி பி.காமில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்து அந்த மெடலை வாங்கியவள். வழக்கப்படி அடித்த பயோடேட்டாவை ஒன்றரை வருஷமாக எல்லா ஆபீசுக்கும் அனுப்பிப் பார்த்துவிட்டாள். சாந்தோம் குப்பத்து முகவரியைப் பார்த்தவர்கள் அதற்குக் கீழே படிப்பதில்லை என்பது அவள் கண்டுகொண்ட உண்மை.

நாகராஜின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம் தி.நகர் ஆடிட்டர் சுந்தரராமனைச் சவாரி ஏற்றிப்போய், அவருடைய ஃபைல் கட்டுகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஆபீஸ் சுவரில் ஒரு வயதான அம்மாளின் படம், சந்தன மாலையோடு. கீழே அபயாம்பாள் என்று எழுதியிருந்தது. மகளின் மெடலில் இருக்கிற அதே பேர். விசாரித்தான். ஆடிட்டரைப் பெற்ற தாய். அந்த மெடலை வருஷா வருஷம் கொடுப்பதே அந்தக் குடும்பம்தான். போதாததற்குக் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று வாசலிலேயே போர்டு தொங்கியது.

"அவங்க அம்மா பேருல மெடல் வாங்கின பொண்ண எப்பிடி வுடுவாரு?" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டான். அன்புச்செல்விக்கும் ஆசை வந்தது. ஆசை யாரை விட்டது?

சுந்தரராமன் காகிதத்தைக் கையில் வாங்கினார். முதல் வரியிலேயே கண் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா குடுத்துண்டு வரோம் தெரியுமோ? வாங்கினவா ஒருத்தர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்லை. உட்காரும்மா."

காபி வந்தது. டம்ளரில், ஆவி பறக்க. அவர் உடனே தங்கைக்கு போன் போட்டார்.

"அம்மா மெடல் வாங்கின பொண்ணு ஆபீசுக்கே வந்திருக்கா. ஆமாம், குப்பத்துலேர்ந்துதான். நன்னா இங்கிலீஷ் எழுதறா. நம்பவே முடியலை."

அன்புச்செல்வி காபியைக் கீழே வைத்தாள். குடிக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். வேலை கிடைத்தால் இதெல்லாம் ஒரு பேச்சா?

போனை வைத்ததும் கேட்டாள். "சார், அந்தக் கணக்கு வேலை..."

"அதுவா?" என்றார் சுந்தரராமன், ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொள்கிறவர் மாதிரி. "அதுக்கு என் தங்கை பிள்ளை அச்யுத்தைப் போட்டாச்சும்மா. ரெண்டு பேப்பர் பாக்கி வெச்சுண்டிருக்கான், எழுதிடுவான். நம்மாத்துப் பையன், சொன்னா கேப்பான். உனக்கென்ன, கெட்டிக்காரி. எங்க போனாலும் கிடைக்கும்."

கெட்டிக்காரிக்கு எங்கே போனாலும் கிடைக்கும் என்று எல்லோரும்தான் சொன்னார்கள். எங்கே என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. ராத்திரி பகலாகக் கண் எரியப் படித்ததெல்லாம் செத்துப்போன ஒரு அம்மாளுக்கு மாலை கட்டத்தானா?

அவருக்கோ இன்னும் சந்தோஷம் அடங்கவில்லை. "அடுத்த மாசம் அம்மா பொறந்து நூறாவது வருஷம். சபா ஹால் எடுத்திருக்கோம். நீ அவசியம் வரணும். மெடலைப் போட்டுண்டு மேடையில நில்லு. எல்லாரும் பாக்கட்டும்." பயோடேட்டாவை அவளிடம் திருப்பித் தரவில்லை. விழாவில் வாசிக்க வேண்டுமாம்.

கீழே பாண்டி பஜார் கூட்டத்துக்கு ஒதுங்கி நாகராஜ் ஆட்டோவோடு காத்திருந்தான். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு அவசரம்.

"இன்னா சொன்னாரு? எப்ப வரச் சொன்னாரு?"

"அடுத்த மாசம்."

"நான் சொன்னன்ல?" பக்கத்து ஆட்டோக்காரனுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, குனிந்து லீவரை இழுத்து வண்டியைக் கிளப்பினான். "சம்பளம் எவ்ளோன்னாரு?"

"வேல செய்ய வாணாமாம் நைனா," என்றாள் அன்புச்செல்வி. "வந்து நின்னா போதுமாம்."