மூன்றாம் எலியின் உறக்கம்

ஆறு மாதம் காத்திருந்து பார்த்தால், உறங்க வேண்டியவை விழித்திருந்தன. எலியின் எலும்புக்குள் இருக்கும் தாய்ச் செல்களைத்தான் சொல்கிறேன். இரத்தம் முழுக்க அவற்றிலிருந்துதான் பிறக்கிறது. ஆனாலும் பெரும்பாலும் தூக்கம்தான். காய்ச்சலோ சீழோ வந்தால் உடல் செய்தி அனுப்பும், அவை எழுந்து பெருகும். அடிக்கடி எழுப்பினால் பாவம், களைத்தே போய்விடும். ஆய்வாளர் வசுந்தரா அவற்றுக்குப் பச்சை ஒளி ஏற்றியிருந்தாள். உறங்கினால் ஒளி நிலைக்கும், பெருகப் பெருக மங்கும்.

காய்ச்சல் செய்தியை ஊசியாகப் போட்ட எலிகளில் ஒளி மங்கியிருந்தது. சரி. ஊசியே போடாத மூன்றில் ஒன்றிலும், பதினேழாம் கூண்டு எலியில், மங்கியிருந்ததே! மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இந்த முடிவு நிற்காவிட்டால் சுவிஸில் தங்க பெர்மிட் இல்லை, சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"கிறகோரி அண்ணா, பதினேழாம் கூண்டுல ஏதாவது நடந்துச்சா?"

எலிகளைப் பராமரிக்கும் கிறகோரி மன்னார்க்காரர், இந்த ஆராவ் நகரில் இருபத்தெட்டு வருடம். தொப்பியைக் கழற்றினார்.

"அதின்ரை சோடி செத்துப்போச்சு, பிள்ளை. இந்த நாட்டிலை கினிப்பன்றியைக்கூடத் தனிய வளக்கச் சட்டம் விடாது. இது மட்டும் தனியக் கிடக்கிறதோ எண்டு இன்னொரு கடுவன் எலியை விட்டன். ரெண்டும் கடிபட்டு முதுகிலை சீழ். பிரிச்சு, மருந்து பூசிச் சுகப்படுத்திப்போட்டன். எழுதேல்லை."

"எழுதலையா? உங்க இரக்கத்துல என் ஆறு மாசம் போச்சு!"

அவளுக்கு ஆத்திரத்தோடு அழுகையும் வந்தது. ஆறியது தோல்தான், சீழின் செய்தி எலும்புவரை போயிருக்கிறது. அவள் நிரூபிக்க நினைத்ததே அதைத்தானே! ஆனால் ஒரு கடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

பச்சை ஒளி சரியாக ஏறவில்லை என்று எழுதி அந்த எலியை நீக்கிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவளுக்கும் பெர்மிட், அவருக்கும் வேலை. பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

"உள்ளதை எழுதுங்கோ," என்றார் கிறகோரி. "பேராசிரியரிட்டை நானும் வாறன், சேர்ந்து கதைப்பம்."

பேராசிரியரிடம் கிறகோரியே சுவிஸ் ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னார். கிறகோரிக்கு எழுத்தில் எச்சரிக்கை. அவளுடைய ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் நீண்டது, சோதனை முதலிலிருந்து.

திங்கட்கிழமை புதுக் கூண்டுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எலி.

"ஒரு வயித்துச் சகோதரங்கள், பிள்ளை. அடிபடாதுகள்."

சொல்லிவிட்டுப் பதிவேட்டை நீட்டினார். அன்றைய தேதி. ஜெர்மனில் ஒரு வரி, கீழே அவளுக்காகத் தமிழிலும்: "இண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை." ஆறு மாதமும் ஒருநாள் விடாமல் அதையே எழுதினார்.