ஒரு லிட்டர் தண்ணீரின் கனம்

மூன்றாவது நாளாக ரொட்டி கல்லாகியிருந்தது. இன்ஜின்காரன் ஆஸ்மன் ஒரு துண்டை மேசையில் தட்டிக் காட்டினான்.

"நங்கூரம் அறுந்துச்சுன்னா இதக் கட்டி எறக்கிரலாம், குக்கம்மா."

ரன்வா அந்தத் துண்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். ஃபாரோ தீவுகளிலிருந்து வந்த அந்த மீன்பிடிக் கப்பலில் பதினேழு பேருக்கும் சமையல் அவள்தான். கேப்டன் ஹெக்னி தட்டைத் தள்ளிவிட்டார்.

"வியாழக்கெழம வார்டோ துறைமுகத்துல டீசல் போடறோம். நாளைக்கும் இதே லட்சணம்னா அங்க வேற ஆள ஏத்திக்கிறேன். நீ எறங்கிக்க."

பேக்கரியில் வேலை பார்த்தவள் அவள். எல்லாம் கிராம் கணக்கு. கிளம்பும் முன் கரையில் நிறுத்துப் பைகளில் கட்டிய மாவு ஐந்து நாளில் தீர்ந்தது. அப்புறம் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையை நம்பினாள்: ஒரு டெசிலிட்டர், அதாவது நூறு மில்லி, மாவு அறுபது கிராம். ஆனால் இன்ஜின் அதிர்வில் டின்னுக்குள் மாவு இறுகிக்கொண்டே போனது. நேற்றைய குவளையும் இன்றைய குவளையும் ஒன்றில்லை.

மறுநாள் காலை அலை பெரிதாக இருந்தது. அவள் மின்தராசை மேசையோடு கட்டி, மாவுக் கிண்ணத்தை வைத்தாள்.

ஆயிரத்து நூற்று எண்பது. ஆயிரம். எண்ணூற்று நாற்பது.

கையை எடுத்துவிட்டாள். ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. எண் மறுபடி ஏறியது. கப்பல் எழும்பத் தொடங்கும்போது மாவு கனத்தது, இறங்கத் தொடங்கும்போது லேசானது. அவள் முழங்கால்களும் அதே நேரத்தில் கனத்து, லேசாகின. பேரன்ட்ஸ் கடல் முழுதும் அந்தச் சின்னத் தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ரொட்டி, வார்டோ எல்லாம் மறந்து அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மாவை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தாள். தண்ணீரும் அப்படியே கனத்து, அப்படியே லேசானது.

அப்படியென்றால் இரண்டும் சேர்ந்துதானே ஏறி இறங்கும்?

துடைப்பத்தின் கட்டையைக் கழற்றினாள். நடுவில் கயிறு கட்டி, கூரைக் கொக்கியில் தொங்கவிட்டாள். இரு முனையிலும் ஒரே மாதிரி ஊறுகாய் வாளி. வெறும் வாளிகளோடு கட்டை சமமாக நின்றது. ஒரு வாளியில் டெசிலிட்டர் குவளையால் பத்து முறை தண்ணீர். ஒரு லிட்டர், ஒரு கிலோ. மற்றதில் மாவைக் கொட்டத் தொடங்கினாள்.

"என்ன ஊஞ்சல் கட்டிருக்க?" ஹெக்னி காப்பிக்கு வந்திருந்தார்.

"கைய வச்சிராதீங்க ஹெக்னி. பாத்துக்கிட்டே இருங்க."

இன்னும் ஒரு கை மாவு. கட்டை சமமானது. அப்போது பெரிய அலை ஒன்று கப்பலைத் தூக்கிப் போட்டது. அலமாரிகள் அலறின. ஹெக்னி சுவரைப் பிடித்தார். வாளிகள் ஆடின, கயிறு முறுகியது. துடைப்பக் கட்டை மட்டும் எந்தப் பக்கமும் தாழவில்லை.

முப்பத்தோரு வருடம் கடலில் இருந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்த அலைக்கும் காத்திருந்து பார்த்தார்.

"கடலுக்கே டிமிக்கி குடுத்துட்டியேம்மா," என்றார், மெதுவாக.

சாயங்காலம் ரொட்டி உப்பி வந்தது. ஆஸ்மன் நாலாவது துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டே கேட்டான்: "தரை பூரா மாவாக் கெடக்கு. துடைப்பத்த எவன் தூக்கிட்டுப் போனான்?"

"வார்டோவுல வாங்கிக்கலாம்," என்றார் ஹெக்னி, வெண்ணெய் தடவிக்கொண்டே. "துடைப்பம் மட்டுந்தான்."