கீழே கையெழுத்து, மேலே காலி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல. ஜெராக்ஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர் பேசியதை ஒட்டுக்கேட்டேன். யாரோ ஒரு அம்மா, யாரும் கேட்காமலே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு போலீஸிடம் நீட்டினாராம். சொன்னவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது, மீதியை நான்தான் இட்டுக்கட்ட வேண்டியிருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஆட்சி மாறியது. இருள் விலகி, நீதியின் சூரியன் மெல்ல

(வேண்டாம். இதை யாராவது மைக் முன்னால் பேசட்டும்.)

இரண்டாம் முயற்சி: காவல் நிலையத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். புகார் கொடுக்க வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் புது விதி ஒட்டியிருந்தது: புகாரை வந்தவர் கண்முன்னே எழுத வேண்டும், படித்துக்காட்ட வேண்டும், அதன் பிறகே கையெழுத்து.

இது தேவலை. எல்லாம் புதிது, மேசைக்குப் பின்னால் இருந்த ஸ்டேஷன் ரைட்டர் மட்டும் பழையவர். இருபத்தாறு வருடமாக அதே மேசை. பழைய ஆட்சியில் ஸ்டேஷனில் நடந்ததை விசாரிக்க வந்த குழு அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, எழுதினவர்தானே, அடித்தவர் இல்லையே என்று விட்டுவிட்டது. வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அவருக்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

3

வந்தவள் தையல்காரி. பதினான்கு வருடத்துக்கு முன் அவளுடைய தம்பியை

(பாருங்கள், ரைட்டர் என்றால் ‘அவர்’, தையல்காரி என்றால் ‘அவள்’. அந்த மேசையின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருத்துகிறேன்.)

வந்தவர் ஒரு தையல்காரம்மா. பதினான்கு வருடத்துக்கு முன் அவருடைய தம்பியை, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லி இதே நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். தம்பி திரும்பவில்லை. தேடி வந்த அக்காவிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். தம்பி பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததாக அவரே சொன்னதாய் அந்தத் தாளில் எழுதியிருந்ததை, பிறகு ஒரு வக்கீல் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அதை வைத்தே தம்பியின் கோப்பை மூடினார்கள்.

இப்போது புதுப் புகார் கொடுத்தால் கோப்பைத் திறப்பார்களாம். அதற்கு இன்றுதான் கடைசி நாள்.

4

ரைட்டர் வெள்ளைத்தாளை மேசைமேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேட அலமாரிப் பக்கம் திரும்பினார். திரும்பிப் பார்த்தால், தாளின் அடியில், வலது ஓரத்தில், கையெழுத்து. மேலே எவ்வளவு இடம் விட வேண்டுமோ அவ்வளவும் அந்த அம்மா விட்டிருந்தார். பழக்கினவர்கள் நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.

(முதல் பிரதியில் ரைட்டர் இந்த இடத்தில் அழுதார். அடித்துவிட்டேன். அழுதால் நாம் உடனே மன்னித்துவிடுவோம். இரண்டாம் பிரதியில் அவரைக் கொடியவராக்கினேன். அப்போது நீங்களும் நானும், நாமெல்லாம் அப்படி இல்லையப்பா என்று நிம்மதியாகிவிடுவோம். அதுவும் கூடாது.)

அவர் தாளைக் கிழிக்கப் போனார். விதி அப்படி. தையல்காரம்மா பதறி நாற்காலியை விட்டு எழுந்தார்.

“கிழிச்சிடாதீங்க சார். என்ன தப்புன்னு சொல்லுங்க, வேற போட்டுத் தரேன்.”

தப்பு எதுவும் இல்லை, நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், படித்துக்காட்டுவேன், பிறகுதான் கையெழுத்து என்று அவர் விளக்கினார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்போ போன தடவை நான் சொன்னதா எழுதினது யாரு சார்?”

குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

5

முடிவு அ: தெரியவில்லை என்று ரைட்டர் சொல்லிவிடுகிறார். புகார் பிசகில்லாமல் எழுதப்படுகிறது. கோப்பு திறக்கிறது. வந்த காரியம் ஒரு பொய்யால் நடந்துவிடுகிறது. (இதை எழுதி முடித்து, இரண்டு நாள் திருப்தியாகக்கூட இருந்தேன்.)

முடிவு ஆ: எழுத வேறொருவர் வந்துவிடுகிறார். (வரமாட்டார். புகார் எழுதும் மற்ற இருவரும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். ரைட்டரை நழுவவிட நான் பார்த்த வழி இது. வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இ: ரைட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நான்தாம்மா எழுதினேன்.”

தையல்காரம்மா

அந்த அம்மா மெல்ல

இதற்கு மேல் எழுதமாட்டேன். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக ஏற்கெனவே ஒருவர் எழுதியாகிவிட்டது. நான் இரண்டாமவனாக இருக்க விரும்பவில்லை.

அந்த அம்மாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மேசைமேல் புதுத்தாள் இருக்கிறது. எழுத இந்த ரைட்டர் ஒருவர்தான் இருக்கிறார். எழுதியதைப் படித்துக்காட்டப் போவதும் இவர்தான், அது சரியா என்று பார்க்க உங்களுக்கு எழுத்துத் தெரியாது. மணி நாலரை. ஐந்துக்குப் புகார் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

தம்பியின் பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சொல்வீர்களா?