மேலே வைத்த ஒரு பிடி

கரவெட்டிப் பனந்தும்புக் கொட்டிலில் ஏற்றுமதிக்கான கட்டொன்று தராசில் ஏறியதும், மார்ட்டின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முள்ளைப் பார்த்தார். பற்றுச்சீட்டில் இருந்ததைவிட நிறை கூட. அடுத்த கட்டும் அப்படியே. மனுசன் எழுதிக்கொண்டு சிரித்தார் வேறு. செந்தூரனுக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கவில்லை.

செந்தூரன் கொழும்பில் வர்த்தக அதிகாரி. சொந்த ஊர் வட்டுக்கோட்டை. பேச்சுவார்த்தை மேசையில் எவரையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று தன்னைப் பற்றி அவனுக்கு ஒரு பெரிய எண்ணம். அது முழுக்கப் பொய்யுமல்ல. பனந்தும்பை வாங்கும் நாடு, 'உங்கள் ஊரில் விற்பதைவிட மலிவாக எங்கள் தலையில் கொட்டுகிறீர்கள்' என்று தண்டவரி போடப் பார்க்கிறது. அதை விசாரிக்க வந்தவர்தான் மார்ட்டின். வரி விழுந்தால் கொட்டிலை நடத்தும் உதயகலா அதைப் பூட்டவேண்டியதுதான். மேலிடமோ, பெரிய நாட்டோடு முறுகல் வேண்டாம், விலையைக் கூட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பியிருந்தது. கூட்டிய விலைக்கு யார் வாங்குவார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

அவன் உதயகலாவை ஒருபக்கமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, கட்டெல்லாம் நிறை கூடிக் கிடக்கு. சும்மா குடுத்த தும்பையும் சேர்த்துப் பாத்தால் கிலோ விலை குறையுது. அதைத்தான் அவர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். ஏன் கூடப் போட்டனீங்கள்?"

"மேலை ஒரு பிடி வைக்கிறது வழக்கம்தானே தம்பி. நிறுத்ததை அப்பிடியே குடுத்துவிட எனக்கு மனம் வராது."

"வெளிநாட்டுக்காரனுக்குமோ?"

"எங்களிட்டை வாங்குற புத்தூர்க் கந்தப்பு அண்ணைக்கு வைக்கிறன். அவங்களுக்கு வைக்காமல் விடுறதே?"

செந்தூரனுக்கு அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடலாம் போலிருந்தது. உள்ளூரிலும் கூடக் கொடுத்தால் உள்ளூர் விலையும் அதேயளவு குறைந்துவிடுமே, பிறகெங்கே மலிவு? மார்ட்டினிடம் அதைச் சொன்னான். அவர் மிகப் பணிவாகத் தலையாட்டினார். தங்கள் சட்டம் உள்ளூர் விற்பனைக்குப் பற்றுச்சீட்டை மட்டுமே பார்க்குமாம். நிறுத்துப் பார்க்க இடமில்லையாம்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் சட்டம்! செந்தூரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

"உங்கள் சட்டத்தில் நான் குறை சொல்லவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டெடுக்க வருகிறார், தேநீர் குடித்தபடி பாருங்கள். நீங்கள் எழுதவும் வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள் என்று என் அறிக்கையில் நான் எழுதிக்கொள்கிறேன்" என்றான் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. மார்ட்டின் கோப்பையைக் கீழே வைத்தார்.

வீடு கூட்டும் தும்புத்தடி செய்து விற்கும் கந்தப்பு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். கட்டு தராசில் ஏறியது. முள் ஆடி நின்றது.

பற்றுச்சீட்டில் இருந்த அதே நிறை. ஒரு தும்பு கூடவில்லை.

மார்ட்டினின் சிரிப்பு திரும்பி வந்தது. ஒரு பேச்சை நம்பி, நிறுத்துக்கூடப் பாராமல், இந்த மனுசனைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்திவிட்டேனே என்று செந்தூரன் தன்னையே நொந்துகொண்டான். எவ்வளவு பெரிய கெட்டிக்காரன்!

"என்ன பிள்ளை, ஒண்டையும் காணேல்லை?" என்றார் கந்தப்பு, தராசைப் பார்த்து.

"பொறுங்கோ அண்ணை. ஆள் வந்து நிண்டால்தானே வைக்கிறது." உதயகலா குவியலிலிருந்து கைநிறைய அள்ளிக் கட்டின்மேல் செருகினாள். "கப்பலிலை போறவைக்கு மட்டும்தான் முன்கூட்டியே வைக்கிறது. அவையள் இஞ்சை வந்து நிக்கேலாதெல்லே."

முள் நகர்ந்தது. செந்தூரன் அதை வரிக்கு வரி மொழிபெயர்த்தான். குரல் தன்பாட்டில் உயர்ந்துவிட்டது.

"உது காணாது" என்றார் கந்தப்பு. அவள் சிரித்துக்கொண்டு இன்னொரு பிடி வைத்தாள்.

மார்ட்டின் குனிந்து முள்ளைப் பார்த்தார். பேனையை எடுத்துத் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். உள்ளூர் நிறைக்கு அதில் கட்டமே இல்லை. அவர் தாளைத் தொடையில் வைத்து, அச்சிடாத ஓரத்து வெள்ளையில் பேனையை ஊன்றினார்.