சாமிக்கு அடித்த மூடி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரே ஒரு தகர மூடி, ஒரு லைன் பெண்களின் பிழைப்பை விழுங்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர்கள் தலைகாட்டத் தொடங்கிய காலம். சைக்கிள் மணிக்கு மேல்மூடி அடிக்கும் கம்பெனி ஒன்றில் இரண்டு லைன். இரண்டாவதில் முழுக்கப் பெண்கள். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலேறி வரும் முனியம்மா அங்கேதான் தகரத்தை அழுத்தி மூடியாக்கும் பிரஸ் ஓட்டினாள். புருஷன் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. அவள் கை நின்றால் வீட்டில் உலை ஏறாது.

முதலாளி ராஜசேகரன் பாரிவாக்கத்துக்காரர். புதிதாய் வாங்கிய கம்ப்யூட்டர்மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. அதைப் பார்த்துக்கொண்டவள் வடிவு. லைன் வாரியாக அன்றன்று தேறிய மூடிகளை ஏற்றுவாள். கடைசி ஏழு நாளுக்குச் சராசரி போட்டு அது திரையில் கோடு இழுக்கும். ஏழு பேர் உட்காரும் பெஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், பழைய ஆள் ஒருவர் எழுந்து போயாக வேண்டும். லீவு நாளை வெறுமனே விட்டால் கம்ப்யூட்டர் அதைக் கணக்கில் சேர்க்காது.

"கோடு அறுநூத்தம்பதுக்குக் கீழ போச்சுன்னா அந்த லைனை மூடிடுவேன்" என்று ராஜசேகரன் முன்பே சொல்லியிருந்தார். பெண்களுக்குப் பயமில்லை. தினமும் எழுநூறு அடித்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. பிரஸ்களுக்குச் சந்தனம், கம்ப்யூட்டருக்கும் சந்தனம். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து எல்லோரையும் அனுப்பினார்கள். மறுநாள் விஜயதசமி. ராஜசேகரன் மட்டும் வந்து, கற்பூரம் காட்டி, ஈசானி மூலையிலிருந்த முனியம்மாவின் பிரஸ்ஸில் தன் கையால் ஒரே ஒரு மூடி அடித்தார். வருஷா வருஷம் அப்படித்தான். அந்த மூடி நேரே சாமி படத்தடிக்குப் போகும்.

அடுத்த நாள் காலை வேலைக்கு வந்த பெண்கள் கேட்டிலேயே உறைந்து நின்றார்கள். 'இரண்டாவது லைன் நிறுத்தப்படுகிறது' என்று, காலையில் கோட்டைப் பார்த்ததுமே ராஜசேகரன் ஒட்டிய நோட்டீஸ். முனியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே வடிவிடம் ஓடினாள். பின்னாலேயே அவள் கூட்டாளி குப்பம்மா.

"இன்னாம்மா வடிவு இது? நாங்க இன்னா தூங்கிகினா இருந்தோம்? உம் பொட்டி இன்னாத்தப் பாத்துச்சாம்?"

"அது மூஞ்சி பூரா சந்தனத்த அப்பி வுட்டுட்டா, அதுக்கு எப்டிக்கா கண்ணு தெரியும்?" என்றாள் குப்பம்மா.

வடிவு திரையைப் பார்த்தாள். முதல் லைன் எழுநூறில் நேராக ஓடியது. இரண்டாவது, மலையிலிருந்து உருட்டிவிட்டதுபோல் அறுநூறில் கிடந்தது. எண்களை ஒவ்வொன்றாய் மேலிருந்து படித்தாள். எழுநூறு, எழுநூற்றிரண்டு, அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது... கடைசியில் ஒன்று.

ஒன்று!

பின்னாலேயே முனியம்மா வர, வடிவு ராஜசேகரனின் அறைக்கு ஓடினாள்.

"சார், விஜயதசமிக்கு நீங்க அடிச்சீங்களே ஒரு மூடி..."

"ஆமா. நல்ல நாளு, மொதக் கணக்கா அதையும் ஏத்துன்னு நான்தானே சொன்னேன்?"

"இன்னிக்கு விடியக்காலமே வந்து ஏத்திட்டேன் சார். அந்த லைன் அன்னிக்கு நாள் பூரா ஒரே ஒரு மூடிதான் அடிச்சுதுன்னு அது எடுத்துக்கிச்சு. அதான் கோடு விழுந்துடுச்சு."

ராஜசேகரன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். வாசலில் நின்ற முனியம்மாவைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"எங் கையாலயா..." என்றார்.

"அழிச்சிடட்டுமா சார்?"

"ஐயையோ! சாமிக்குப் போட்டத அழிக்கிறதா?" துள்ளி எழுந்தார். நேரே கேட்டுக்குப் போய் நோட்டீஸைக் கிழித்தார். "முனியம்மா, போய் மிசின ஓட்டும்மா. நீ ஒண்ணும் பண்ணல."

அந்த வாரம் முழுக்கக் கோடு பள்ளத்திலேயே கிடந்தது. அதன்பின் அந்த ஒன்று பெஞ்சைவிட்டு எழுந்து போன அன்று, எகிறி எழுநூறில் போய் நின்றது. முனியம்மா திரையை எட்டிப் பார்த்துக் குப்பம்மாவை இடித்தாள்.

"இன்னாடி இது! நேத்து ஓட்டுனாப்லதானே இன்னிக்கும் ஓட்டுனோம்?"

அடுத்த வருஷத்து மூடியும் சாமி படத்தடிக்குப் போனது. கம்ப்யூட்டருக்குள் போகவில்லை. முனியம்மாவின் லைன் ஓடிக்கொண்டேயிருந்தது.

உங்கள் வீட்டு உலை ஒரு நாளும் ஆறாதிருக்கட்டும் கண்ணுகளா. உழைக்கிற கை எதுவும் உங்கள் வீட்டில் வெறுங்கையாய்த் திரும்பாதிருக்கட்டும்.